மரியா மாண்டிசோரி அம்மையார்: ஒதுக்கப்பட்ட குழந்தைகளை உற்றுப் பார்த்தவர்



ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலே நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோயிலின் கடைசியில், வாசலை ஒட்டினாற்போல் ஒரு தாய் நிற்பாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு வயதுப் பிள்ளை ஒருவன் நிற்பான். பாட்டுச் சத்தம் எழும்பினால் இரண்டு காதுகளையும் பொத்திக்கொள்வான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். எல்லாரும் அமைதியாக முழங்காலில் இருக்கிற நேரத்தில் உரக்கச் சத்தமிடுவான். முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தாய் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையை இழுத்தபடி வெளியே போய்விடுவாள். அடுத்த ஞாயிறு அவளைக் காண முடியாது.

அந்தத் தாயையும் பிள்ளையையும் மனதிலே வைத்துக்கொண்டு, இந்த வாரம் மரியா மாண்டிசோரி அம்மையாருடைய சரித்திரத்தைப் படியுங்கள். அவர் பெயர் நமக்குப் புதிதல்ல. நம் ஊர்களில் எத்தனையோ சிறுபிள்ளைப் பள்ளிக்கூடங்களின் பெயர்ப்பலகையில் அது எழுதப்பட்டிருக்கிறது. வசதியுள்ள வீட்டுக் குழந்தைகளுக்கான படிப்புமுறை அது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் அந்த முறை பிறந்த இடம் வசதியுள்ள வீடு அல்ல. ரோமாபுரியில் சித்தசுவாதீனமற்ற பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைக்கப்பட்டிருந்த சில குழந்தைகளின் அறையிலேதான் அது பிறந்தது.

பிறப்பும் படிப்பும்

மரியா 1870-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ந் தேதி இத்தாலி தேசத்தில் அன்கோனா மாகாணத்தைச் சேர்ந்த கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. தந்தை அலெஸ்ஸாந்திரோ அரசாங்க உத்தியோகஸ்தர். பழைய வழக்கங்களை விடாதவர். தாய் ரெனில்தே, அக்காலத்துப் பெண்களுக்கு அரிதாயிருந்த படிப்பும் வாசிப்புப் பழக்கமும் உள்ளவர். 1875-ல் குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது.

பெண் படித்து ஆசிரியையாக வேண்டும் என்பது வீட்டாரின் எண்ணம். பெண்ணோ பதின்மூன்றாம் வயதில் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தாள். முதலில் பொறியியலில் நாட்டம். பிறகு வைத்தியம் படிக்க வேண்டும் என்ற பிடிவாதம். தந்தைக்கு இது பிடிக்கவில்லை. தாய் மாத்திரம் மகளின் பக்கம் நின்றார். ரோமாபுரிச் சர்வகலாசாலையில் ஆண் மாணவர்கள் நடுவே ஒரு பெண் படிப்பது அந்நாளில் எளிதான காரியமல்ல. பிரேதத்தை அறுத்துப் படிக்கும் பாடத்தை ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் கற்பது தகாது என்றார்கள். ஆகையால் எல்லாரும் போனபின்பு, மாலை வேளையில், பிரேதங்கள் கிடக்கும் அறையிலே தனியாக நின்று அந்தப் பாடத்தைப் படித்தார்.

1896-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலி தேசத்து முதல் பெண் வைத்தியர் அவரே என்று பலரும் எழுதுவதுண்டு. அது சரியல்ல, அவருக்கு முன்பே சில பெண்கள் அந்நாட்டில் பட்டம் பெற்றிருந்தார்கள். அதே ஆண்டில் பெர்லின் நகரில் கூடிய சர்வதேச மாதர் மகாநாட்டில் அவர் பேசினார். உழைக்கும் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான கூலி வேண்டும் என்பது அவருடைய வாதம்.

வெறும் அறையில் கண்ட காட்சி

பட்டம் பெற்றபின் சர்வகலாசாலையைச் சேர்ந்த மனநோய் மருத்துவமனையில் உதவி வைத்தியராகச் சேர்ந்தார். சிகிச்சைக்குரிய நோயாளிகளைத் தெரிந்தெடுப்பதற்காக நகரத்துச் சித்தசுவாதீனமற்றோர் இல்லங்களுக்குப் போய்வருவது அவருடைய வேலைகளில் ஒன்று. அங்கேதான் அந்தக் குழந்தைகளைக் கண்டார்.

அவர்கள் யார்? பேச்சு வராதவர்கள், நடை தாமதித்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், சொன்னது விளங்காதவர்கள், யார் முகத்தையும் நோக்காதவர்கள். வெவ்வேறு விதமான குறைகள். ஆனால் அன்றைய வைத்திய நூல்கள் அவர்கள் அனைவரையும் மந்தபுத்தியுள்ளோர் என்றும் மூடர் என்றும் ஒரே கூடையில் போட்டுவிட்டன. பள்ளிக்கூடம் ஏற்றுக்கொள்ளாது; வீட்டாருக்கு வெட்கம்; ஆகவே பைத்தியம் பிடித்த பெரியவர்களோடு சேர்த்து வைத்துவிட்டார்கள். சோறு கிடைக்கும், படுக்கை கிடைக்கும். அதற்குமேல் அவர்களிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்பது முடிவான தீர்ப்பு.

அம்மையாரின் சரித்திரத்தை எழுதியவர்கள் ஒரு சம்பவத்தைத் தவறாமல் சொல்வார்கள். அத்தகைய இல்லம் ஒன்றில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண் அவர்களைப் பற்றி அருவருப்போடு முறையிட்டாள். சாப்பாடு முடிந்த உடனே இவை தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகின்றன, அவ்வளவு பெருந்தீனி என்பது அவள் குற்றச்சாட்டு. அம்மையார் அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர். ஒரு பொம்மை இல்லை, ஒரு பந்து இல்லை, கையில் எடுக்கத்தக்க ஒரு சாமான் கூட இல்லை. பிறகு குழந்தைகளைப் பார்த்தார். பொறுக்கிய துணுக்குகளை அவர்கள் விரலால் தடவினார்கள், உருட்டினார்கள், அமுக்கினார்கள். அந்த அறையிலே கைக்கு அகப்பட்ட பொருள் அது ஒன்றுதான்.

பணிப்பெண்ணும் வைத்தியரும் பார்த்தது ஒரே காட்சிதான். ஒருத்தி பெருந்தீனியைக் கண்டாள். மற்றவர் வேலை தேடி அலையும் கைகளைக் கண்டார். இந்தக் குழந்தைகளுக்கு வேண்டியது மருந்தைவிடக் கல்வியே என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

இரண்டு பிரெஞ்சு வைத்தியர்கள்

தமக்கு முன்னே யாராவது இந்த வழியில் நடந்ததுண்டா என்று தேடினார். இரண்டு பெயர்கள் கிடைத்தன.

முதலாவது, ழான் இதார். 1800-ம் ஆண்டில் பிரான்சு தேசத்து அவெய்ரோன் பகுதியில் காட்டிலிருந்து ஒரு சிறுவன் வெளிப்பட்டான். வயது பன்னிரண்டு இருக்கலாம். பேச்சு இல்லை, உடை உடுக்கத் தெரியாது, மனிதர்களை ஏறெடுத்துப் பாரான். பெரிய வைத்தியர்கள் அவனைக் கைவிட்டபோது, பாரீஸ் நகரில் செவிடர் ஊமையர் பள்ளியின் இளம் வைத்தியரான இதார் அவனை ஏற்று, விக்தோர் என்று பெயரிட்டு, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பாடுபட்டார். பேச்சு அவனுக்கு வரவேயில்லை. ஆனால் எழுத்துத் துண்டுகளை அடுக்கிச் சில சொற்களைக் காட்டக் கற்றான். தன்னைப் பராமரித்த கெரேன் என்னும் மாதினிடம் பாசம் வைத்தான். விக்தோருக்கு இருந்தது இக்காலத்தில் நாம் ஆட்டிசம் என்று சொல்வதே என்று பிற்கால அறிஞர் சிலர் கருதுகிறார்கள்.

இரண்டாமவர், இதாரின் மாணவரான எதுவார் செகென். அவர் மந்தபுத்தியுள்ளோர் எனப்பட்ட குழந்தைகளுக்கென்றே பாரீஸில் பள்ளி நடத்தினார். கை, கண், செவி ஆகிய புலன்களை முதலில் பழக்கினால் அறிவு அவற்றின் வழியே வரும் என்பது அவர் கண்ட முறை. 1846-ல் இதைப் பெரிய நூலாக எழுதிவிட்டு, பின்பு அமெரிக்கா சென்று அங்கேயே 1880-ல் இறந்தார். அவருடைய நூலை அதற்குள் உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது.

அம்மையார் செய்தது என்ன தெரியுமா? இவ்விருவரின் எழுத்துக்களையும் முதலிலிருந்து கடைசிவரை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் நின்று நிதானமாய் ஆராய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பாய் முடைந்த சிறுமி

1898-ல் தூரின் நகரில் கூடிய ஆசிரியர் மகாநாட்டில் இக்குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும் என்று அம்மையார் எடுத்துரைத்தார். நாடெங்கும் பேச்சு எழுந்தது. 1900-ம் ஆண்டில் ரோமாபுரியில் அத்தகைய குழந்தைகளுக்கும் அவர்களுக்குப் போதிக்கும் ஆசிரியருக்கும் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு ஜுசெப்பே மொந்தெசானோ என்னும் வைத்தியருக்கும் அம்மையாருக்கும் ஒப்புவிக்கப்பட்டது.

காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை அம்மையார் தாமே குழந்தைகளோடு இருந்து போதிப்பார். இரவிலே அன்று கண்டவற்றை எழுதி வைப்பார். ஒரு குழந்தை எந்தச் சாமானைத் தானாக எடுத்தது, எவ்வளவு நேரம் அதில் நிலைத்திருந்தது, எந்த இடத்தில் தவறியது, எதைக் கண்டு விலகியது என்பவற்றை ஒன்றுவிடாமல் குறிப்பார். அக்காலத்து வைத்தியர்கள் மண்டையின் சுற்றளவை அளந்து குழந்தையின் அறிவை நிர்ணயிக்கப் பார்த்தார்கள். அம்மையாரும் அந்த அளவுகோல்களைக் கையாண்டவரே. காலத்தின் பிழையில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் அளவுகோல் சொல்லாததை அந்த இரவுக் குறிப்புகள் சொல்லின.

ஓர் உதாரணத்தைக் கேளுங்கள். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி. கைகளில் பலமுண்டு, விரல்களில் குறையில்லை. ஆயினும் ஊசியும் நூலும் கொடுத்தால் துணியில் ஓர் இழை கூட ஓட்டத் தெரியவில்லை. எத்தனை முறை காட்டினாலும் வரவில்லை. வேறொருவராயிருந்தால், இவளுக்கு வராது என்று எழுதி முடித்திருப்பார். அம்மையார் ஊசியை எடுத்து வைத்துவிட்டு, காகிதக் கீற்றுகளை மேலும் கீழுமாகக் கோத்துச் சிறு பாய் முடையும் விளையாட்டை அவளுக்குக் கொடுத்தார். தையலிலும் அதே அசைவுதான்; ஆனால் இங்கே பெரியதாய், கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. பாய் முடைவதில் சிறுமி தேர்ந்தபின் மறுபடியும் ஊசியைக் கொடுத்தார். இப்போது இழை ஓடியது.

சிறுமியிடம் குறைந்திருந்தது புத்தியல்ல; ஏறுவதற்கு ஒரு படி குறைந்திருந்தது. அந்தப் படியைப் போட்டுக் கொடுப்பது பெரியவர்களுடைய வேலை என்று அம்மையார் அறிந்துகொண்டார். எழுத்தையும் இப்படியே கற்பித்தார். மரத்தில் எழுத்துக்களைச் செதுக்கச் செய்து, வர்ணம் பூசி, குழந்தைகள் அவற்றை விரலால் தடவித் தடவி உருவத்தை அறியும்படி செய்தார்.

நாளடைவில் அந்த இல்லத்துக் குழந்தைகளில் சிலர் எழுதவும் வாசிக்கவும் கற்று, பொதுப்பள்ளிப் பரீட்சையை மற்றப் பிள்ளைகளோடு எழுதித் தேறினார்கள். ஊரெல்லாம் அதிசயம் என்று கொண்டாடிற்று. அம்மையாரோ வேறொரு கேள்வியால் கலங்கினார். கைவிடப்பட்ட குழந்தைகளே இவ்வளவு எட்டினார்கள் என்றால், நல்ல சுகமுள்ள குழந்தைகளை நம் பள்ளிகள் எப்படி அமுக்கி வைத்திருக்க வேண்டும் என்று எண்ணினார்.

மறைத்து வைத்த மகன்

வாசகரே, இந்த இடத்தில் அம்மையாரின் வாழ்க்கையிலுள்ள பெரிய துயரத்தைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது.

1898-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவர் மணமாகாதவர். குழந்தையின் தகப்பன் அவரோடு வேலை செய்த மொந்தெசானோ. விஷயம் வெளிப்பட்டால் அவருடைய தொழிலும் பெயரும் அன்றே அழிந்துபோகும். ஆகவே மரியோ என்ற அந்தக் குழந்தையை நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றிலே வளர்க்க விட்டார்கள். மொந்தெசானோ 1901-ல் வேறொரு பெண்ணை மணந்தார். அதே ஆண்டில் அம்மையார் பள்ளியை விட்டு விலகினார்.

பிறர் பெற்ற குழந்தைகளோடு காலை முதல் மாலை வரை இருந்தவர், தாம் பெற்ற குழந்தையை எப்போதாவது ஒரு முறை, யாரோ ஒரு சீமாட்டி வந்து போவதுபோலப் போய்ப் பார்த்து வந்தார். உலகத்தார் வெட்கத்தினால் ஒளித்து வைத்த பிள்ளைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர், அதே வெட்கத்துக்கு அஞ்சித் தம் பிள்ளையை ஒளித்து வைக்க நேர்ந்தது. அவருடைய தாயார் 1912-ல் இறந்தார். அதன் பின்னரே, ஏறக்குறைய பதினைந்து வயதில், மரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அப்போதும் வெளியுலகுக்கு அவர் மகன் அல்ல, உறவினர் என்றே அறிமுகம். நாம் தீர்ப்பிட வேண்டாம். ஊர் வாய்க்குப் பயந்து பிள்ளையை மறைப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பதை அம்மையார் புத்தகத்தில் படித்து அறியவில்லை என்பதை மாத்திரம் நினைவில் வைப்போம்.

மூன்று இராஜாக்கள் திருநாளில்

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராஜாக்கள் திருநாளன்று, ரோமாபுரியின் சான் லோரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் கூலிக்குப் போனபின் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைப் பாழாக்கிய சுமார் ஐம்பது சிறுவர் சிறுமியரை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டடத்தாரின் நோக்கம் அவ்வளவே. பொறுப்பு அம்மையாரிடம் வந்தது. குறையுள்ள குழந்தைகளுக்கென்று தாம் செய்திருந்த சாமான்களை அவர் அங்கே கொண்டுபோனார். மர எழுத்துக்களைப் புதிதாகச் செய்விக்க வழியில்லாததால் உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி அட்டையில் ஒட்டினார்.

ஒருநாள் ஏறக்குறைய மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, சிறிதும் பெரிதுமான மர உருளைகளை அவற்றுக்குரிய துளைகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். முடித்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடியும் தொடங்கினாள். சுற்றிலும் மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார் அம்மையார், அவள் திரும்பவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்; உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் இப்படிச் செய்து, பின்பு நல்ல உறக்கம் கலைந்தவள்போல மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தாள். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் பிள்ளையை நாம் அதட்டி நிறுத்துகிறோம் அல்லவா? அதற்குள் ஏதோ அர்த்தம் இருக்கலாம் என்று பொறுத்திருந்து பார்த்தவர் அவர்.

1909-ல் அவர் தம் முறையை நூலாக வெளியிட்டார். உலகமெங்கும் அவர் புகழ் பரவிற்று. 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வழியே ஜனங்கள் அவருடைய வகுப்பை வேடிக்கை பார்த்தார்கள். பார்சலோனா நகரில் கத்தோலிக்கக் குழந்தைகளுக்கென ஒரு சிறு கோயிலே அமைத்தார். பூசைக்கு வேண்டிய அப்பத்துக்கும் இரசத்துக்கும் குழந்தைகள் தாங்களே கோதுமை விதைத்தார்கள், திராட்சைக்கொடி வளர்த்தார்கள். முசோலினியின் ஆதரவைச் சில ஆண்டுகள் அவர் ஏற்றுக்கொண்டதும் உண்மை; அதை அவர் மேலுள்ள குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த உறவு முறிந்து, 1934-ல் இத்தாலியிலிருந்த அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. அவரும் தாய்நாட்டை விட்டு வெளியேறினார்.

அடையாற்றிலும் கோடைக்கானலிலும்

1939-ம் ஆண்டு நவம்பரில், 69-ம் வயதில், அம்மையார் சென்னைக்கு வந்தார். அழைத்தவர்கள் அடையாறு பிரம்மஞான சபையார். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் வந்த சுமார் 300 பேருக்கு ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. பகை நாட்டவர் என்று மரியோவைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். அம்மையார் அடையாற்றை விட்டு நகரக் கூடாது என்று கட்டளையாயிற்று. அந்த ஆகஸ்ட் 31-ந் தேதி அவருக்கு 70 வயது நிறைந்தது. பிறந்தநாள் பரிசாக, மரியோவை விடுதலை செய்வதென்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. அந்தத் தந்தியில் மரியோ அவருடைய மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிப்படையாகச் சொல்லாதிருந்த சொல்லை ஓர் அந்நிய அரசாங்கம் எழுதி அனுப்பிற்று!

1942 முதல் 1944 வரை இருவரும் கோடைக்கானலில் இருந்தார்கள். அந்த மலையூரில் அவர் ஒரு சிறு பள்ளியை நடத்தினார். நம் நாட்டுத் தாய்மார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போவதை அவர் வியந்து பார்த்தார். தாயின் இடுப்பிலிருந்தே குழந்தை உலகம் முழுவதையும் பருகிவிடுகிறது என்று கண்டார். பிறந்த நாள் முதல் குழந்தையின் மனது எப்படி வளர்கிறது என்பது பற்றி இந்தியாவில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1949-ல் அடையாற்றிலேயே நூலாக அச்சிடப்பட்டன.

அவர் கோடைக்கானலில் இருந்த 1943-ம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் வைத்தியர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தனிமையை நாடுவதும், ஒரே ஒழுங்கு மாறாதிருக்க விரும்புவதும், பேச்சைப் பிறரோடு உறவாடப் பயன்படுத்தாததும் அவர்களிடம் காணப்பட்டன. 1925-லேயே ருஷிய நாட்டில் கிரூனியா சுகரேவா என்னும் பெண் வைத்தியர் இத்தகைய சிறுவர்களை விவரித்திருந்தார். ஆனால் உலகம் கவனித்தது கானரின் கட்டுரையைத்தான். ஒரே கூடையில் போடப்பட்டிருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு அதன்பின் ஆட்டிசம் என்ற தனிப்பெயர் கிடைத்தது. அம்மையார் அந்தப் பெயரில் பாடம் நடத்தியவர் அல்ல. ஆனால் பெயர் வருமுன்பே அத்தகைய குழந்தைகள் இருந்தார்கள். ரோமாபுரியின் அந்த அறையிலும் சிலர் இருந்திருக்கலாம்.

இன்று நாம் அறிந்திருப்பது

அம்மையார் இரவில் குறிப்பெழுதிய வேலையை இக்காலத்தில் குழந்தை வளர்ச்சி வைத்தியர்கள் ஒழுங்கான முறையில் செய்கிறார்கள். ஒரு வயது நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் ஒரு பொருளை விரலால் சுட்டிக்காட்டாமை, வந்த பேச்சு நின்றுபோதல், கண்ணோடு கண் பாராமை இவைகளைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. பதினெட்டு மாதத்திலும் இரண்டு வயதிலும் எல்லாக் குழந்தைகளையும் இதற்காகப் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தின் ஆலோசனை. இரத்தப் பரிசோதனையால் ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. குழந்தை விளையாடுவதையும் உறவாடுவதையும் உற்றுப் பார்த்து, பெற்றோரைப் பொறுமையாக விசாரித்தே அறிய வேண்டும். காது நன்றாகக் கேட்கிறதா என்பதையும் உடன் சோதிக்க வேண்டும்.

ஆட்டிசம் தாயின் வளர்ப்புக் குறையால் வருவதல்ல. ஒரு காலத்தில் வைத்தியர் சிலரே அப்படிச் சொல்லித் தாய்மாரை வதைத்தார்கள், அது பொய்யென்று நிரூபிக்கப்பட்டுவிட்டது. தடுப்பூசியால் வருவதும் அல்ல. பெற்றோர் செய்த பாவத்தின் தண்டனையும் அல்ல. பிறவிக் குருடனைப் பற்றி நம் ஆண்டவர் சீடர்களுக்குக் கொடுத்த பதிலை அறிந்த நாம் அப்படிப் பேசலாகாது. மூளை வேறொரு விதமாக வளர்வதே ஆட்டிசம். முழுவதும் மாற்றிவிடும் மருந்து இல்லை. அப்படி மருந்து விற்பவர்களை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். ஆனால் சிறு வயதிலேயே தொடங்கும் பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைச் சிறு சிறு படியாகப் பிரித்துக் கற்பிப்பதும், பேச முடியாதவனுக்குப் படங்களால் தன் தேவையைக் காட்டக் கற்பிப்பதும் பெரிதும் உதவுகின்றன. மாண்டிசோரி பள்ளியில் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் பாய் முடைதல் ஒன்று உண்டு. அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்திய நாட்டுச் சட்டம் 1999-ல் ஆட்டிசம் உள்ளோரின் நலனுக்கென ஒரு தேசிய அறக்கட்டளையை ஏற்படுத்திற்று. 2016-ம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்குரிய உரிமைகளை அவர்களுக்கும் அளித்திருக்கிறது. பள்ளியில் சேர்க்க மறுத்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முடிவு

1946-ல் அம்மையார் ஐரோப்பா திரும்பினார். அடுத்த ஆண்டே மறுபடியும் இந்தியாவுக்கு வந்து, 1949 வரை இப்பகுதியில் உழைத்தார். 1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி ஹாலந்து தேசத்தில் நூர்த்வெய்க் என்னும் கடற்கரையூரில், 81-ம் வயதில், மரியோ அருகிலிருக்க உயிர் நீத்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் எழுதி வைத்த உயிலில் மரியோவைத் தம் மகன் என்றே குறித்திருந்தார். பிற்காலத்தில் இத்தாலி தேசம் தன் ஆயிரம் லீரா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டுக் கௌரவித்தது.

ஆனால் வாசகரே, நோட்டில் அச்சிட்ட படத்தைவிட, தரையில் ரொட்டித் துணுக்கு பொறுக்கிய குழந்தைகளின் அருகே நின்ற அந்த இளம் வைத்தியரையே நாம் நினைவில் வைப்போம். நாமும் தினந்தோறும் அந்தப் பணிப்பெண்ணைப்போல் பார்த்துவிடுகிறோம். காதைப் பொத்துகிற பிள்ளையை அடக்கமில்லாதவன் என்கிறோம். சத்தம் அவன் காதுக்கு ஊசியாய்க் குத்துகிறதோ என்று எண்ணிப் பார்ப்பதில்லை. திரும்பாத பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்கிறோம். தாயை வளர்க்கத் தெரியாதவள் என்கிறோம்.

வருகிற ஞாயிறு அந்தத் தாய் கோயிலுக்கு வந்தால், திரும்பி முறைத்துப் பார்க்காதீர்கள். உங்கள் பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் கொடுங்கள். ஒலிபெருக்கியிலிருந்து தள்ளிய இடமாயிருந்தால் இன்னும் நல்லது. பூசை முடிந்தபின் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். அவனுக்கு எது பிடிக்கும் என்று கேளுங்கள். அவள் வராவிட்டால், வீடு தெரிந்தவர்கள் போய்ப் பார்த்து வாருங்கள். ஒளித்து வைக்கத் தேவையில்லை என்று யாராவது ஒருவர் அவளிடம் சொல்ல வேண்டும். அதை நீங்களே சொல்லலாம்.